தொப்பிக்குள் ஒட்டிய ஆங்கிலம்

இங்கும் பாங்கு நம்மூரில் கேட்பது போலத்தான் கேட்கிறது. ஆனால் தொழுதுவிட்டு வேலைத்தளத்துக்குப் போனால் ஏச்சுப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில். ஓதத் தெரிந்த அரபு போதும் என்று நம்பி சவூதிக்கு வந்தவன், ஆங்கில அகராதியோடு மல்லுக்கட்டுகிறேன். தினமும் காலையில் கடினமான ஒரு சொல்லைப் பொருளோடு துண்டுக் காகிதத்தில் எழுதி, வேலைத் தொப்பியின் உட்புறம் ஒட்டிக்கொள்வேன். தண்ணீர் குடிக்க ஒதுங்கும்போது கழற்றிப் பார்ப்பேன். 'மெட்டிகுலஸ்' என்றால் நுணுக்கமாகச் செய்கிற. 'இன்டிஸ்பென்சபிள்' என்றால் இல்லாமல் முடியாத. நண்பகலுக்குள் வியர்வை எழுத்தைக் கரைத்துவிடும்.

படிப்பில் ஆசை வந்து அல்ல. சீமெந்து சுமப்பவனுக்குக் குடும்ப விசா இல்லை, கிளார்க்குக்கு உண்டு. ஊரில், கல்முனைக்குடியில், என் மனைவி ஜெஸீமாவும் மகளும் அந்த ஒரு வேலைக்காக நேர்ச்சை வைத்துக் காத்திருந்தார்கள். நான் படித்த பள்ளியில் ஆங்கில வாத்தியார் வந்தால் வந்ததுதான். வராத நாட்களில் கடற்கரையில் பந்தடித்தோம். அதன் பலனை இந்த வெயிலில் அனுபவிக்கிறேன்.

ஒருநாள் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்க வெள்ளைக்கார மனேஜர் கூப்பிட்டு, நேற்று என்ன வேலை செய்தாய், சொல் என்றார். அவ்வளவுதான் கேள்வி. சல்லிக்கல் அள்ளியதை, சாந்து குழைத்ததைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை. தெரிந்த பெரிய சொற்களை எல்லாம் கொட்டினேன். அவர் சிரித்து, முதுகில் தட்டி, 'வெரி குட்' என்றார். வேலை கிடைத்துவிட்டது என்றே நம்பி வெளியே வந்து அழுதேன். அடுத்த கிழமை அந்தக் கிளார்க் நாற்காலியில் ஒரு மலையாளி இருந்தார்.

நாமெல்லாம் இங்கிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் கதைத்துத்தானே அனுப்புகிறோம். நானும் கசட்டின் ஒரு பக்கத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மறுபக்கத்தில், வாப்பாவின் இங்கிலீசைக் கேட்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால், படித்த சொற்களைப் பொருளோடு பதிந்தேன். ஜெஸீமாவின் பதில் கசட் நேற்று வந்தது.

"வேல கிடைக்காத பக்கத்த நான் ஆருக்கும் போட்டுக் காட்டல்ல. உங்கட மகள் இங்கிலீசுப் பக்கத்த மட்டும்தான் கேட்டா. வாப்பா கிளார்க்காகிட்டாரு, எங்களக் கூப்பிடப் போறாரு எண்டு அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரியிறா. நான் என்னத்தச் சொல்லுற? நீங்களும் ஒண்டும் சொல்லிராதீங்க."

அங்கே, மகள் சொல்லும் கதையில், கிளார்க் ஒருவர் மின்விசிறியின் கீழ் இருந்து எழுதுகிறார்; இன்றோ நாளையோ விசா அனுப்புவார். இங்கே நான் மூட்டை இறக்குகிறேன். ஊருக்குத் திரும்பினால் அந்த மனிதரை என் கையாலேயே கொல்ல வேண்டும். திரும்பாமல் இருந்தால், என் பிள்ளைக்கு அவர்தான் வாப்பா.