தொண்டைக்கு அச்சு இல்லை

சங்கரன்கோவில் சன்னதித் தெருவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. லண்டனில் படிக்கும் என் தங்கை மகன் கோபுரத்தைப் படம் பிடிக்கிறான். விடுமுறைக்கு வந்தவனுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேனாம். அவன் அம்மாவுக்காக நேர்ந்துகொண்ட வெள்ளித் தகட்டை மகன் கையால்தான் உண்டியலில் போட வேண்டும்; அதற்குத்தான் அழைத்து வந்திருக்கிறேன். அவளுக்குத் தொண்டையில் புற்று என்பதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரனான என் தலையில் அதைச் சொல்லும் வேலையைக் கட்டிவிட்டார்கள்.

கண், கால், பாம்பு, தேள் என்று தகடுகளைப் பரப்பியிருக்கும் கடைக்காரியிடம் தாழ்ந்த குரலில் தொண்டைத் தகடு கேட்கிறேன்.

"தொண்டைக்குன்னு அச்சு கெடையாது அண்ணாச்சி. நோவு பெருசுன்னா முழு ஆள் உருவா வாங்கிப் போடுங்க. ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

பின்னால் வந்து நின்றவனின் கேமரா மெல்ல இறங்குகிறது.

"அம்மா கொரலு கம்முனது சளியிலன்னுதானே சொன்னிய, மாமா?"

நான் கடைக்காரியைப் பார்க்கிறேன். அவள் தகட்டை முந்தானையால் துடைத்து அவனிடமே நீட்டுகிறாள். அவன் அந்தப் பெண் உருவின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவுகிறான்.

"நான் திரும்பிப் போறதத் தள்ளிப்போட முடியுமா மாமா?"

"முடியும். காலேஜுக்கு எழுதிப் போடலாம். எந்தத் தேதிவரைக்கும்னு மட்டும் கேப்பான்."