கண்ணாடி டம்ளரில் ஒரு கட்டைவிரல்

கல்லூரியில் தடயவியல் படிக்கும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பவுடர் சார். காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, அங்கே பாடம் நடத்த வந்தவர். தூரிகையும் கறுப்புப் பொடியுமாகவே ஆயுளைக் கழித்ததில், அவருடைய சட்டைக் கைகள் எப்போதும் கரி பிடித்த சட்டியாக இருக்கும். மனிதர் யாரையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பார். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், பவுடர் சார் கண்ணுக்குத் தொட்டதெல்லாம் தடயம்.

கல்லூரி மாடியில் ஓர் அறையைப் பொய்த் திருட்டு நடந்த வீடாகவே மாற்றி வைத்திருந்தார். கவிழ்ந்த நாற்காலி, நெம்பிய பூட்டு, தரையில் சிவப்பு மை. பாடம் தொடங்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "ரேகை யார் தொட்டாங்கன்னு சொல்லும். எதுக்குத் தொட்டாங்கன்னு சொல்லாது. மண்டையில ஏத்திக்கோங்க."

வீட்டில் அவரும் தங்கையும்தான். கணவனை இழந்தவள், அண்ணி படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தாள். அண்ணி போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். வேறு போக்கிடம் என்றால் தம்பி வீடு. அங்கே அவள் உட்கார்ந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம்.

ஒருநாள் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அடுத்த மாசம் வரேன். அம்மாவோட கல்தோட்டை எடுத்து வைங்க." பீரோவைத் திறந்தார். தோட்டுப் பெட்டி இருந்தது, தோடு இல்லை.

தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஆள் உஷாராகிவிடும் என்றது தொழில் புத்தி. அன்று மாலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்து நீட்டினார்.

"என்னண்ணா, இன்னைக்கு உபசாரம் பலமா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள்.

காலி டம்ளரைக் கைக்குட்டையால் பிடித்துத் தன் படுக்கையறைக்குள் கொண்டுபோனார். தோட்டுப் பெட்டியில் இரண்டு பேருடைய ரேகைகள் இருந்தன. ஒன்று அவருடையதே. வீட்டுக்காரன் ரேகை என்று வழக்கம்போல அதைக் கழித்துவிட்டார். மற்றது டம்ளரில் இருந்த கட்டைவிரலோடு அச்சாகப் பொருந்தியது. முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கக்கேடு! பிறகுதான் அது யாருடைய விரல் என்பது உறைத்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் ஆயிற்றே.

அதன்பின் பீரோச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவள் கடைக்குப் போனால் பையை நோட்டம் விட்டார். "சாப்பாடு பிடிக்கலையாண்ணா?" என்று அவள் கேட்டால், மடியில் கனமில்லாதவள் ஏன் இப்படிக் குழைகிறாள் என்று நினைத்தார். கடைசியில் சொல்லியே விட்டார்.

"கொஞ்ச நாள் தம்பி வீட்டுல போய் இரேன்."

"நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனாண்ணா?"

"பண்ணவங்களுக்குத் தெரியும்."

மறுநாள் வகுப்பில், புதிதாகத் திருட்டு அறையைத் தயார்செய்த மாணவி, அலமாரியில் கிடந்த ஒரு முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். "சார், போன வருஷத்துத் திருட்டுப் பொருள். நிஜக் கல்லு மாதிரியே இருக்கே?"

முத்திரை மேல் அவருடைய கையெழுத்து. கவரிங் நகையைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்ததால், நிஜமாக இருந்தால்தான் ஒழுங்காகத் தேடுவார்கள் என்று அவரே வீட்டிலிருந்து எடுத்துவந்த தோடு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

வாசலுக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டு பைகளும் கட்டித் தயாராக இருந்தன. அவள் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கைகளில் அவருடைய நீல ரப்பர் கையுறைகள்.

தோட்டை மேசையில் வைத்தார். "நான்தாம்மா காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன். சுத்தமா மறந்துட்டேன். பெட்டியில உன் ரேகை..."

"அண்ணி ஞாபகமா அப்பப்போ துடைச்சு வைப்பேன். போன வருஷமே தோடு இல்லாததைப் பார்த்தேன். மகளுக்குக் கொடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும், நான் உன்னை...?"

"டம்ளரைக் கழுவினது யாரு? உங்க பொடி எனக்குத் தெரியாதா? எத்தனை சட்டையில அடிச்சுத் துவைச்சிருக்கேன்."

"அப்பவே கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலையேண்ணா."

"அந்த உறையக் கழட்டும்மா."

"இருக்கட்டும். கிளம்புற வரைக்கும் இந்த வீட்டுல என் கை எதுலயும் படவேண்டாம்."

உறை மாட்டிய கையாலேயே பரிமாறினாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அந்தக் கண்ணாடி டம்ளரில்.