மதினியின் தோசைக்கல்லைத் தேய்த்தவன்

எங்கள் மதினி எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகள் முன்னால், கொழுந்தனாகிய நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முன் மதினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மதினி பிறந்தது வீரகேரளம்புதூரில். என் அண்ணனைக் கைப்பிடித்துக் குத்துக்கல்வலசைக்கு வந்தபோது எங்கள் அம்மா காலமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பா, அண்ணன், நான் மட்டும்தான். ராத்திரிக்குக் கடைப் பரோட்டா. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலை. மதினி வந்த மறுநாளே அது மாறியது. குற்றாலத்தில் அண்ணனுக்குச் சிப்ஸ் கடை. சீசன் சாரலில் நனைந்துகொண்டு அவர் வந்து சேர்ந்து, நாங்கள் மூவரும் உட்கார்ந்த பிறகுதான் மதினி முதல் தோசையை ஊற்றுவார்.

தாய்வீட்டிலிருந்து மதினி கொண்டுவந்த வார்ப்பு இரும்புக் கல் அது. பல வருஷம் எண்ணெய் குடித்துக் கருகருவென்று மின்னும். விளிம்பைத் தொட்டால் போதும், தோசை தானே எழும்பி வரும்.

அப்போது எனக்கு வேலை இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. இன்னொரு தப்பு செய்தால் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மதினிக்கு ஒத்தாசை செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று, ஒரு மத்தியானம் கல்லின் கறுப்பை அழுக்கென்று நினைத்து, சோப்புத்தூளும் கம்பிநாரும் போட்டு வேலை மெனக்கெட்டுத் தேய்த்தேன். கல் வெளுத்துப் போனது.

அன்றைக்குப் பார்த்து எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, சாப்பிட வந்திருந்தார். ஒரு தோசைகூட முழுசாக வரவில்லை.

"ஏட்டி, நீ தோசை சுடுதியா, உப்புமா கிண்டுதியா?" என்றார் அத்தை.

அண்ணன் எழுந்து வந்து கல்லைப் பார்த்தார். "யாரு இதைத் தேய்ச்சது?"

நான் பிய்ந்த தோசையைத் தட்டில் கிளறிக்கொண்டிருந்தேன்.

"நாந்தான். அழுக்கா இருக்கேன்னு தேய்ச்சிட்டேன்" என்றார் மதினி.

மறுநாள் கல்லை வடித்த கஞ்சியில் ஊறப்போட்டார். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துச் சூட்டோடு தேய்த்தார். கல் பழகும்வரை பிய்ந்த தோசைகளையெல்லாம் தாமே சாப்பிட்டார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கல்லைப் பழக்கிரலாம் தம்பி. அண்ணன் தம்பி பிரிஞ்சா யாரு பழக்குறது?"

அத்தை வைத்த 'உப்புமாக்காரி' என்ற பெயர் முப்பது வருஷம் நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு எங்கள் வீட்டுக்கு வந்து எட்டுத் தோசைக்குக் குறையாமல் சாப்பிட்டவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மதினி சிரித்துக்கொள்வார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கடைசி மாதம் மதினி படுக்கையில் இருந்தபோது, "எல்லார்ட்டயும் சொல்லிரட்டுமா மதினி?" என்று கேட்டேன்.

"இப்பச் சொன்னா இன்னைக்கும் ஒங்க அண்ணன் ஏசுவாவ. நான் போன பெறகு சொல்லுங்க."

அந்த நாட்களில் மாறி மாறிச் சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருவாருக்கும், உடனிருந்து கவனித்த செவிலிக்கும், இறுதிவரை வந்து நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மதினியை இனி யாரும் அந்தப் பெயரால் நினைக்க வேண்டாம். அடுத்த கல்யாண வீட்டில் 'உப்புமாக்காரன்' என்று என்னைக் கூப்பிடுங்கள். அண்ணன் காதில் விழும்படி சத்தமாகவே கூப்பிடுங்கள்.