அண்ணி வரைந்த ஆமை

இருபத்திரண்டு வருஷமாக அண்ணி மேல் எனக்கு ஒரு கோபம். நான் செய்த தப்பைத் தன் தப்பு என்று சொல்லிவிட்டார். தப்பு என்னுடையது என்றால் திட்டும் எனக்குத்தானே வந்திருக்க வேண்டும்?

சண்டை நடந்த காலம். அண்ணன் எல்லையில். அண்ணியும் நானும் ஒரே அச்சகத்தில். அவர் படம் போடுவார், நான் மெஷின் ஓட்டுவேன். பட்டாளத்துக்காரர்களுக்கு அனுப்ப, பழைய மிருகக் கதைகளைக் கிண்டலாக மாற்றித் தபால் அட்டை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கிணற்றில் தன் நிழலோடு மல்லுக்கு நிற்கும் சிங்கம்தான் எதிரி. அண்ணி வரைந்த சிங்கத்துக்கு எங்கள் மேனேஜர் மூக்கு. மேனேஜருக்கு மட்டும் அது தெரியவில்லை.

மூன்றாவது அட்டை முயலும் ஆமையும். இடப்பக்கம் நம் வீடு, வலப்பக்கம் எதிரியின் மலை. மலையடியில் பீரங்கி மேல் படுத்துக் குறட்டை விடும் சிவப்பு முயல். நடுவில் இரும்புத் தொப்பி போட்ட நம் ஆமை, மலையைப் பார்த்து நடக்கிறது. நிறத்துக்கு ஒரு கண்ணாடித்தாளில் வரைந்து தருவார்; ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால்தான் முழுப்படம். பச்சை ஆமைத் தாளில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது: 'திருப்பி அடி'.

நான் அஞ்சாவது வரை படித்தவன். அச்சகத்தில் 'அடி' என்றால் ஒரே அர்த்தம்தான். ஆமைத் தாளைத் திருப்பிப் போட்டு எட்டாயிரம் அட்டை அடித்தேன். அது படத்துக்குக் கீழே வரவேண்டிய வாசகம் என்று, அட்டையெல்லாம் தபாலில் போன பிறகுதான் தெரிந்தது. ஆமை மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறது!

அதிகாரி வந்து குதித்தார். "பட்டாளத்துக்காரன வீட்டுக்குக் கூப்பிடுறீங்களா? யாரு வேலை இது?"

அச்சக வேலையில் இருந்ததால்தான் என்னைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை. வேலை போனால் மறுநாளே கையில் துப்பாக்கி. வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் அப்படி வரைஞ்சேன். கை தவறிப்போச்சு."

"மூஞ்சி மாறுற அளவுக்கா கை தவறும்?"

"ஆமைதானே சார். முன்பக்கம் பின்பக்கம் சட்டுனு தெரியல."

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். வழியெல்லாம் கத்தினேன். "உங்கள யாரு கேட்டா?"

"வீட்டுக்கு ஒருத்தர் போனா போதும் தம்பி. வாய மூடிட்டு நட."

அதன்பிறகு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். பள்ளிக்கூடச் சுவரில் யானை வரைந்தார். சண்டை ஓய்ந்து அண்ணன் வந்தார், ஒரு காது மந்தமாகி. சட்டைப்பையில் அந்த அட்டை.

"எங்க கூடாரத்துல எல்லார்கிட்டயும் இது இருந்துச்சுடா. எந்தப் புண்ணியவான் அடிச்சானோ! ஆமையே கிளம்பிடுச்சு, நாமளும் போய்ச் சேந்துடுவோம்னு சொல்லிக்குவோம்."

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைகள் புத்தகத்துக்கு இதுதான் தன் கடைசிப் படம் என்று அச்சகத்துக்கே ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதே சிவப்பு முயல். இப்போது விழித்துக்கொண்டு, நம் வீட்டைப் பார்த்துப் பாய்கிறது. மூலையில் ஒரு துண்டுச் சீட்டு: 'திருப்பி அடி'.

"இது கீழ வர்ற எழுத்தா, எனக்குச் சொல்றதா?"

"உனக்குத்தான் தம்பி. அதுக்கும் ஒரு வீடு இருக்கும்ல. திருப்பி அடிச்சுடு."