முடி வெட்டிக்கப் போனவர்கள்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. 'திரும்பிப்பாரு' என்றால் தெரியும். கடைத்தெருவில் நடந்தால் யாராவது முதுகுக்குப் பின்னாலிருந்து "திரும்பிப்பாரு அக்கா!" என்று குரல் கொடுப்பார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். கூப்பிட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். தலை நரைத்து, முழங்கால் மக்கர் பண்ணுகிற இந்த வயதிலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பெயரைக் கொடுத்த வேலைதான் போய்விட்டது.

உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். தாள் வாங்குகிறவர்கள் குறையக் குறைய, ஆசிரியர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்து, "இனிமே ஜனங்க செய்தியைப் படிக்க மாட்டாங்க, செய்திக்குள்ள போய் நிப்பாங்க" என்றார். பின்னாலேயே மூன்று விஆர் பெட்டிகளும், நாலாபக்கமும் கண் வைத்த ஒரு கேமராவும் வந்து இறங்கின. பெட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் சம்பவம் நடந்த இடத்துக்கு நடுவிலேயே நிற்கிற மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அந்த இடம்தான். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு யார் அலைவது என்ற பேச்சு வந்ததும் அலுவலகத்து ஆண்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் முதுகுவலி வந்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டாள்.

நூலகத்தில் ஒரு பெட்டி. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒன்று. கடைத்தெரு சலூனில் ஒன்று.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும். பெட்டிக்குள் மழை பெய்தால் வெளியே உட்கார்ந்திருப்பவர் செருப்பைத் தூக்கிக்கொள்வார். சந்தையில் தக்காளிக் கூடை சரிந்த செய்தியைப் பார்த்த ஒரு அம்மா, தரையில் குனிந்து காற்றைப் பொறுக்கினாள். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக நேரேதான் பார்த்தார்கள். "திரும்பிப் பாருங்க, பின்னாலயும் செய்தி இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெயர் வந்த கதை இதுதான்.

சலூன்காரர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார்.

"ஏம்மா தொண்டையைக் கிழிச்சுக்கறே? என் நாற்காலி எதுக்கு இருக்கு?" என்று காலால் ஒரு உந்து உந்தினார். சுழல் நாற்காலி, உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநரோடு அரைவட்டம் போட்டது.

"பின்னால யாரோ பேசறாங்கண்ணே, கண்ணாடியில காணோமே!" என்று கத்தினார் ஓட்டுநர். லாரியிலும் சரி, சலூனிலும் சரி, பின்னால் இருப்பதை முன்னால் இருக்கும் கண்ணாடியில் பார்த்தே பழகிய மனுஷன்.

"கண்ணாடியை விடுய்யா. கழுத்தைத் திருப்பு. அதுக்குத்தான் கழுத்து" என்றார் சலூன்காரர்.

அதன்பிறகு ஊரில் செய்தி பார்க்கச் சிறந்த இடம் சலூன் என்று ஆகிவிட்டது.

அந்த வருஷம் புதுக் குடிநீர்த் தொட்டி திறந்தார்கள். ஊருக்கே தண்ணீர் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. ஊர் என்றால் கிடங்குத் தெரு நீங்கலாக. சாக்கடை அள்ளுகிறவர்களும் குப்பை வண்டி தள்ளுகிறவர்களும் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். ஊரைக் கழுவுகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. குழாய் போட வந்தவர்கள் தெருமுனையோடு நிறுத்திவிட்டு, மேடு பள்ளம் என்று ஒரு காரணம் சொன்னார்கள். தண்ணீருக்கு மேடு பள்ளம் தெரியும், சாதி தெரியாது. குழாய் போடுகிறவனுக்கு இரண்டும் தெரியும். அவள் பிறந்தது அந்தத் தெருவில். அவளுடைய தங்கை அப்போதும் அங்கேதான் குடியிருந்தாள்.

திறப்பு விழாவுக்குக் கேமராவைக் கொண்டுபோனாள். அந்தக் கேமராவில் ஒரு தொல்லை உண்டு. எல்லாப் பக்கமும் அதற்குக் கண் இருப்பதால் படம் பிடிக்கிறவர் மறைந்து நிற்க இடமிருக்காது. மரத்துக்குப் பின்னாலோ வண்டிக்கு அடியிலோ ஒளிந்துகொள்ள வேண்டும். அந்த மைதானத்தில் மரமும் இல்லை, வண்டியும் இல்லை. முன்னால் மேடை. கேமராவுக்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப்பக்கம், போலீஸ் தடுத்து நிறுத்திய கிடங்குத் தெருப் பெண்கள், ஆளுக்கொரு குடத்தோடு.

"அக்கா! இங்க வா. கேமராக்காரின்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?" என்றாள் தங்கை.

கயிற்றைத் தூக்கி உள்ளே போனதும் தங்கை கையில் ஒரு குடத்தைத் திணித்தாள்.

"எனக்கு எதுக்குடி குடம்?"

"எல்லார் கையிலயும் இருக்கு. நீ மட்டும் வெறுங்கையோட நின்னா தனியாத் தெரிய மாட்டே? ஏய், கவுத்துப் பிடி! நிமித்திப் பிடிச்சா, குடத்துல தண்ணி இருந்துச்சுன்னு எழுதிடுவாங்க உங்க பேப்பர்ல."

சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு! முன்னால் நகராட்சித் தலைவர் ரிப்பனை வெட்டி, குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். கைதட்டினார்கள். பின்னால் வரிசையாகக் கவிழ்ந்த குடங்கள். எத்தனையோ செய்திகளுக்குப் படம் பிடித்தவள், செய்திக்குள் தானே நின்றது அந்த ஒரு தடவைதான்.

செய்தி வெளியான அன்று, பழக்கப்பட்ட லாரி ஓட்டுநர் நாற்காலியில் சுற்றினார். பாதியில் கால் ஊன்றி நிறுத்தினார்.

"இது கிடங்குத் தெரு சனமில்ல? இவங்களுக்கு இன்னுமா வரல?"

"தொட்டி வந்துச்சு, தலைவர் வந்தாரு, தண்ணிதான் வரல" என்றார் சலூன்காரர். "அவரு கத்தரிக்கோல எடுத்தா தட்டு, துண்டு, போட்டோ. நான் விடிஞ்சா அடைஞ்சா கத்தரிக்கோலோட நிக்கறேன், ஒருத்தன் கைதட்டினானா?"

சலூனே பேசியது. பேச்சு தலைவர் வீடு வரைக்கும் போனது. ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார்.

"முன்பக்கம் மட்டும் வச்சுக்கலாம். பின்பக்கத்தை எடுத்துரு."

"எடுத்துட்டு அங்க என்ன சார் வைக்கறது?"

"கறுப்பா விட்டுரு. உன் தங்கச்சி குடத்தோட நின்னா அது ஒரு செய்தியா?"

"தலைவர் தண்ணி குடிச்சா செய்தி. குடிக்கத் தண்ணி இல்லேன்னா செய்தி இல்லையா சார்?"

அவள் செய்ய மாட்டாள் என்று தெரிந்து, ஆசிரியர் வேறு ஆளைவைத்துச் செய்தார். இணையம் வழியாகப் பெட்டிகளில் படம் மாறியது. தங்கை, குடங்கள், கயிறு எல்லாம் போயின. தெருவை ஊர் கைகழுவியது போதாதென்று செய்தியும் கைகழுவிவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நூலகத்தில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பின்னால கரண்ட் போயிருச்சா?"

ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு சலூனுக்குப் போய், இங்கேயும் பின்னால் இருட்டா என்று கேட்டாள்.

"இருட்டா? இங்க நல்லாப் பகலாத்தானே இருக்கு" என்றார் சலூன்காரர்.

மாட்டிப் பார்த்தாள். திரும்பினாள். தங்கை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கடையில் இணைய இணைப்பு இருந்தும் சலூன்காரர் அதைப் பெட்டிக்குக் கொடுத்ததே இல்லை. "குடுத்தா எல்லாவனும் சினிமாப் பாத்துட்டு முடி வெட்டிக்காமப் போயிடுவான்" என்பது அவர் கணக்கு. அதில் செய்தியை அவள்தான் கார்டில் கொண்டுவந்து ஏற்றுவாள்; பதற்றத்தில் அதை அவளே மறந்திருந்தாள். அதனால் மாற்றிய படம் அந்தப் பெட்டிக்கு வந்து சேரவேயில்லை.

அன்றிலிருந்து, பின்னால் என்ன இருந்தது என்று யார் கேட்டாலும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "முடி வெட்டிக்கப் போங்க."

போனார்கள். தலையில் ஒரு முடிகூட இல்லாத ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"எதைங்க வெட்டறது?"

"இருக்கறதை வெட்டுய்யா. முதல்ல நாற்காலியைச் சுத்து."

அதுவரை அவளைத் தவிர வேறு பெண்கள் மிதிக்காத கடை அது. கிடங்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். முதலில் உட்கார்ந்தது தங்கை. "அய்யய்யோ, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்!" என்று அலறினாள். பெட்டியைக் கழற்றும்போது கன்னம் நனைந்திருந்தது.

நகராட்சி வாசலில் கவிழ்த்த குடங்களோடு போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது, வந்தது கிடங்குத் தெருக்காரர்கள் மட்டும் இல்லை. லாரி ஓட்டுநர் வந்தார். குமாஸ்தா வந்தார். சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. மனு, மிரட்டல், இழுத்தடிப்பு எல்லாம் நடந்தது. கடைசியில் மேடும் பள்ளமும் எங்கே போயினவோ, குழாய் வந்தது.

"ஜனங்ககிட்ட நீ என்ன சொன்னே?" என்று ஆசிரியர் கேட்டார்.

"முடி வெட்டிக்கச் சொன்னேன் சார்."

அவளைத் திரும்பவும் பக்கம் வடிவமைக்கிற மேசைக்கே அனுப்பினார்கள். விஆர் திட்டம் கொஞ்சநாளில் படுத்தது. பிறகு பத்திரிகையும் படுத்தது. சலூனில் இருந்த பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை.

தங்கை போன வருஷம் இறந்துபோனாள். வீட்டில் அவள் படம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றிலும் விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் போவாள். எதற்கு என்று சலூன்காரர் கேட்பதில்லை. துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்துத் தருவார். அதில் இப்போது சார்ஜ் நிற்பதில்லை. வயரைச் சுவரில் சொருகியே வைத்திருக்க வேண்டும். வயர் அரைச் சுற்றுக்குத்தான் நீளும்.

"அது போதும்ண்ணே" என்பாள்.

நாற்காலியை அவரே மெதுவாகத் திருப்பி, பாதத்தால் அணைகொடுத்து நிறுத்துவார். அவளுக்கு மேடை தெரியாது. தலைவர் தெரியமாட்டார். கைதட்டல் மட்டும் எங்கேயோ முதுகுக்குப் பின்னால் கேட்கும். எதிரே கயிறு. கயிற்றுக்கு அந்தப்பக்கம் தங்கை, அவள் பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கருத்தமுடிக்காரி.

வாசலில் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். "அண்ணே, ஷேவிங் பண்ணணும். நேரமாகுமா?"

"ஆகும். உட்காருங்க."

ஏய், கவுத்துப் பிடி, என்கிறாள் தங்கை.

மடியில் மல்லாந்து கிடந்த அவளுடைய கைகள் தாமாகவே கவிழ்கின்றன.