துண்டுக்குள் முத்திரை

மாட்டுத் தரகில் தொடங்கி, அரிசி ஆலை, ஆவுடையார்கோவிலில் கல்யாண மண்டபம் என்று நானே கட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. மண்டபத்தில் இப்போது காலையில் யோகா வகுப்பு; இளைப்புக்கு நல்லது என்று நானும் போய் உட்காருவேன். விரல் மடக்கி முத்திரை பிடித்துக் கண்ணை மூடச் சொல்வார் மாஸ்டர். முதல் நாள் எல்லோரும் ஓரக்கண்ணால் பக்கத்து ஆளின் விரலையே பார்த்தார்கள். மூச்சு தாறுமாறாக ஓடியது.

சந்தையில் யாருக்கும் தெரியாமல் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவன் நான்.

"கையத் துண்டு போட்டு மூடுங்கப்பா, மனசு அடங்கிரும்" என்றேன்.

"இது மாட்டுச் சந்தை இல்லைங்க, பெரியவரே!" என்று மாஸ்டர் சிரித்தார்.

ஆனாலும் எல்லோரும் மூடினார்கள். மூச்சு சீரானது, எனக்கே இளைப்பு குறைந்தது. இன்று வாசல் போர்டில் 'துண்டு முத்திரை: மாஸ்டரின் கண்டுபிடிப்பு' என்றிருக்கிறது. அதை அழித்து என் பெயரை எழுதட்டும். அதுவரை மண்டபச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.