பேருந்தின் பின்கண்ணாடி

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆலயத்துக்கென்று வரும் பொருள் எதுவானாலும், ஆயர் ஜெபித்து அர்ப்பணிக்கும் முன் அதை எவரும் பயன்படுத்தலாகாது. ஒலிபெருக்கிக்கும் இதே விதி, குழந்தைகள் உட்காரும் பாய்க்கும் இதே விதி. தளர்ந்துகிடந்த அவ்வழக்கத்தை மீண்டும் இறுக்கியவன் நான். சபைச் செயலராகப் பொறுப்பேற்றதும் செய்த முதல் காரியம் அதுதான்.

ஆகவே, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்காக அச்சிட்ட படப்புத்தகம் சென்னையிலிருந்து கட்டாக வந்து இறங்கியபோது, கட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொன்னவனும் நானே. தகப்பனின் அன்பையும் கடவுளின் அன்பையும் பற்றிய புத்தகம் அது. எழுதி வரைந்தவள் என் மகள். அதனாலேயே கண்டிப்பை ஒரு படி கூட்டினேன். செயலரின் மகளுக்குச் சலுகை என்று ஒரு சொல் எழ நான் இடங்கொடுத்ததில்லை.

அர்ப்பணிப்புக்கு முந்தின நாள் மாலை அவள் மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

“நைனா, ஒருவாட்டி படிச்சிப் பாத்துடுங்களேன். நாளைக்கு நீங்கதான வாசிக்கப் போறீங்க.”

“அர்ப்பணிக்கிறதுக்கு முன்னாடி கட்டைப் பிரிக்கக் கூடாது.”

“கட்டு வேணாம் நைனா. என் பையில தனியா ஒண்ணு கீது.”

“சட்டம் கட்டுக்கு இல்லம்மா, புத்தகத்துக்கு.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்துவிட்டாள். “அப்புறம் என்னிய ஒண்ணும் சொல்லக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாயிடம் போய்விட்டாள்.

நான் தணிகை வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வேலூரில் கல்லூரிப் படிப்பு. முழுக்கைச் சட்டை அணியாமல் தெருவில் இறங்கியதில்லை. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. எந்த இடத்திலும் என் குரல் தடுமாறியதில்லை என்பதைச் சபையே சொல்லும். இவையெல்லாவற்றையும்விட ஊரில் எனக்கிருந்த பெரிய பெயர் வேறு. அதை உண்டாக்கியவர் சபையின் பொருளாளர். என் பள்ளித் தோழர். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருப்பவர்.

என் மகள் ஆசிரியப் பயிற்சியில் சேரவேண்டும் என்று நான் முடிவு செய்திருந்த காலம். அவளோ திருப்பதிக்குப் போய் ஓவியம் படிப்பேன் என்றாள். வாக்குவாதம் நாள்கணக்கில் நீண்டது. ஒரு விடியற்காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அவ்வளவே ஊருக்குத் தெரியும். மற்றதைப் பொருளாளரே சேர்த்துக்கொண்டார். கமிட்டிக் கூட்டங்களில் யாராவது உறுதி குலைந்தால் உடனே என்னைக் காட்டுவார்.

“மனுசன்னா இவன மாதிரி இருக்கணும்யா. பொண்ணு பொட்டியத் தூக்கிகினு வாசப்படி தாண்டுது, இவன் நாற்காலிய வுட்டு எழுந்துக்கல. பேப்பர் படிச்சிகினு இருந்தான்!”

நான் அவ்வாறு சொன்னதில்லை. மறுத்ததுமில்லை. அலுவலகத்தில் இதைப் ‘பதிவில் உள்ளபடியே விடப்பட்டது’ என்போம். நாளடைவில் அந்த நாற்காலியே என் மதிப்பின் இருக்கையாகிவிட்டது. இரண்டாண்டு கழித்து மகள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய பிறகும், அந்த விடியற்காலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் ஆயர் ஜெபித்துக் கட்டின் கயிற்றை அறுத்தார். முதல் பிரதியை என் கையில் கொடுத்தார். பலிபீடத்துக்கு முன் பாயில் குழந்தைகள். முன்வரிசையில் காணிக்கைத் தட்டை மடியில் வைத்தபடி பொருளாளர். பெண்கள் பக்கத்தில் என் மனைவியும் மகளும். ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தபின் படத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“என் அப்பா அதிகம் பேச மாட்டார்.”

“எங்க நைனாவுந்தான்!” என்றாள் பாயிலிருந்த ஒரு சிறுமி. சபை சிரித்தது.

“மழை வந்தால் அப்பா குடையை என் பக்கம் சாய்ப்பார்.” படத்தில் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது.

“என்னை நேசிப்பதாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. கடவுளின் குரலையும் நான் கேட்டதில்லை.” இவ்வரியைக் கமிட்டி ஏற்குமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது என் கதை என்ற எண்ணமே அந்த நேரத்தில் எனக்கு எழவில்லை.

“ஒரு நாள் நான் சண்டை போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.”

பக்கத்தைப் புரட்டினேன்.

இரண்டு பக்கங்களையும் நிறைத்த படம். பேருந்தின் பின்கண்ணாடி வழியாகத் தெரியும் விடியற்காலைச் சாலை. தொலைவில் மலைப்படிகளின் விளக்குகள் இன்னும் அணையவில்லை. சாலை நடுவே ஒருவர் ஓடி வருகிறார். பனியன். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. வாய் திறந்திருக்கிறது. கையில் நீல நிறத்தில் ஏதோ ஒன்று. இடது காலில் செருப்பு. வலது கால் வெறுங்கால்.

எந்தக் காலில் செருப்பில்லை என்பது இவ்வுலகில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தேன்.

அவள் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்தது உண்மை. செய்தித்தாளை விரித்ததும் உண்மை. அப்போது சன்னல் விளிம்பில் அவளுடைய நீல இன்ஹேலர் கண்ணில் பட்டது. சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உள்ளவள், பனிக்காலம். சட்டை போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. நான் பேருந்து நிலையத்தை எட்டியபோது திருப்பதி வண்டி வெளியே திரும்பிவிட்டது. கத்தினேன். என் குரல் என்ஜின் சத்தத்தில் மறைந்துபோயிற்று. நந்தியாற்றுப் பாலம் வரை ஓடினேன். சந்து வழியாக வீடு திரும்பியபோது மனைவி காலில் இருந்த இரத்தத்தைக் கழுவினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாயில் சிரிப்பு வெடித்தது.

“டேய், தாத்தா ஓடுறாருடா!”

“கைலி அவுந்துடப் போவுது!”

“அய்யே, இந்தத் தாத்தா மாதிரியே கீறாரு!” ஒரு விரல் என்னை நோக்கி நீண்டது.

“அப்பா ஓடி வந்தார்” என்பதே அப்பக்கத்திலிருந்த வாசகம். மூன்றே சொற்கள். அவற்றை வாசிக்க எனக்குக் குரல் வரவில்லை. ஒலிவாங்கி என் மூச்சை மட்டும் ஆலயம் முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. எப்படியோ வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே, இருக்கைக்குக் கீழே தலையைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு பெண்.

“நான் பார்த்தேன். பார்க்காததுபோல் குனிந்துகொண்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.”

தலையுயர்த்தி மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. முந்தின மாலை அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வீட்டிலேயே, நாங்கள் மட்டும் இருக்கும்போது, நான் இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்பியிருக்கிறாள். நானோ சட்டம் பேசினேன்.

கண் மங்குகிறது என்று சொல்லிப் புத்தகத்தை ஆயரிடம் நீட்டியிருக்கலாம். என் வயதுக்கு எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தையும் வாசித்தேன்.

“நாம் குனிந்துகொண்டாலும் ஓடி வருகிறவர் கடவுள்.”

வழக்கமாக எழும் கைதட்டல் அன்று எழவில்லை. பொருளாளர்தான் எழுந்தார். மடியிலிருந்த காணிக்கைத் தட்டு கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து அதை எடுக்கவில்லை.

“ஏம்பா, அது நீயா?”

ஆலயத்துக்குள் அப்படி யாரும் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை.

“நான்தான்.”

“எழுந்துக்கலன்னு சொன்னியே!”

“நான் சொல்லல. நீதான் சொன்ன.”

பதிவின்படி அது பிழையற்ற விடை. அதைக் கேட்டு அவர் முகம் மாறியது. அவருடைய ஒரே மகன் தறி வேண்டாம் என்று சண்டையிட்டு வெளியூர் போனவன். முதல் வருடம் அவன் பலமுறை தொலைபேசியில் அழைத்தான். இவர் எடுக்கவில்லை. ‘எழுந்துக்காம உக்காந்திருக்கறது எப்டின்னு உன்னாண்டதான் கத்துக்கினேன்’ என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் தலையசைத்திருக்கிறேன். பின்பு அழைப்பு நின்றது. எண்ணும் உபயோகத்தில் இல்லாமற்போனது.

அவர் பிரித்த கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆசீர்வாதத்துக்கும் நிற்காமல் வெளியேறினார்.

எல்லோரும் கலைந்தபின் வேப்பமரத்தடியில் மகள் என்னிடம் வந்தாள்.

“கண்டக்டராண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டி நின்னிருக்கும் நைனா. நீங்க கூப்ட்டா நான் எறங்கிடுவேன்னு பயம். அதான் குனிஞ்சிக்கினேன்.”

“கூப்பிட வரல.”

“பின்ன?”

“இன்ஹேலர விட்டுட்டுப் போயிட்ட.”

அவள் புத்தகத்தைப் பிரித்தாள். படத்திலிருந்த கையருகே விரலை வைத்தாள். “இன்னான்னே தெரியாமதான் நீலமா வரைஞ்சேன்” என்றாள். “தடுக்கத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். இத்தினி வருசமா அப்டியேதான் நெனச்சிகினு இருந்தேன்.”

நான் குடையை விரித்தேன், வெயில் ஏறியிருந்தது.

“எங்க அந்த இன்ஹேலர்?”

“மேசை இழுப்பறையில.”

“எக்ஸ்பயரி ஆயிருக்கும் நைனா” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அன்று மாலை பொருளாளர் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

“எவ்ளோ தூரம் ஓடின?”

“பாலம் வரைக்கும்.”

ஞாயிறாதலால் மறுமுனையில் தறிச் சத்தம் இல்லை.

“உனுக்கு பஸ்ஸு எந்தப் பக்கம் போச்சின்னு தெரியும். ஓடின. என் புள்ள எந்த ஊர்ல கீறான்னே தெரியலியேப்பா. நான் எந்தப் பக்கம் ஓடுறது?”

எத்தனையோ மனுக்களுக்கு விடை எழுதிய கை இது. “காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வா. நானும் வரேன்” என்றேன்.

“எந்த ஊரு பஸ்ஸுக்கு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவரும் ரிசீவரை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.